முதுமையின் மேல் சுமத்தும் பழி

நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொற்றொடர்களுள் மிகுந்த தீங்கு விளைப்பது எதுவென வினவின், “வயசானா அப்படித்தான்” என்பதையே நாம் சுட்டுவோம். கேட்பதற்கு ஆறுதல் மொழிபோல் ஒலிக்கும் தொடர் அது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று பெரியவர் சொல்வார். வீட்டார் இதைச் சொல்வர். இரவில் நான்கு முறை எழ வேண்டியிருக்கிறது என்பார். மீண்டும் இதையே சொல்வர். சில காலம் சென்றபின் பெரியவரே தமக்குள் இதனைச் சொல்லிக்கொண்டு, உற்ற நோயை உரைக்காமலே இருந்துவிடுவார். மருத்துவம் பயன்தரக்கூடிய நாள்கள் இவ்வாறே கழிந்துபோகின்றன.

முதுமை நோயன்று. தலை நரைப்பதும், தோல் சுருங்குவதும், நடையின் வேகம் சற்றே குறைவதும், சிறிய எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவதும் முதுமையின் இயல்புகள். மூச்சுத்திணறலோ, கால்வீக்கமோ, அடிக்கடி தடுமாறி விழுதலோ, உற்றாரை அடையாளம் மறத்தலோ, சிறுநீரை அடக்க இயலாமையோ இயல்புகள் அல்ல. அவை நோயின் அறிகுறிகள். இவ்விரண்டையும் பிரித்தறியாமல், நோய் செய்த குற்றத்தை முதுமையின் தலையில் சுமத்திவிடுகிறோம். அப்பழியை நீக்கிப் பார்த்தால், தடுக்கத்தக்கவையும் தீர்க்கத்தக்கவையும் எத்தனை என்பது விளங்கும்.

தனித்துறை பிறந்த வரலாறு

1951ஆம் ஆண்டளவில் நம் நாட்டவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியிருக்கிறது. (அக்காலத்தார் அனைவரும் முப்பத்திரண்டு வயதில் மறைந்தனர் என்று மாணவர்கள் கொள்ளலாகாது. பிறந்த குழந்தைகள் பெருந்தொகையில் இறந்தமையால் சராசரி தாழ்ந்திருந்தது. நம் பாட்டனார் காலத்திலும் எண்பதைக் கண்டோர் உண்டு. ஆனால் அவர்கள் தெருவுக்கு ஒருவர்.) 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அகில இந்திய விழுக்காட்டைவிட இது மிகுதி.

இந்த மாற்றம் வருவதை முன்னரே உணர்ந்து செயற்பட்டவர் மருத்துவர் வ.செ. நடராசன். இங்கிலாந்து சென்று முதியோர் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென ஒரு வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அத்தகைய பிரிவு அதுவே முதலாவது. பத்தாண்டுகள் கழித்து, 1988இல், உள்நோயாளர் பிரிவு அமைந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கென எம்.டி. பட்டமேற்படிப்பும் தொடங்கியது. முதியோர் நலம் குறித்து எளிய தமிழில் நூல்கள் பல எழுதியவர் என்பது தமிழ்த்துறையாகிய நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி. 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 2024 பிப்ரவரியில் சென்னைக் கிண்டியில் திறக்கப்பெற்ற 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை வரை நீளும் பாதையின் தொடக்கம், 1978ஆம் ஆண்டின் அந்தச் சிறு பிரிவே.

குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவர் இருப்பதை எவரும் வியப்பதில்லை. முதியோருக்குத் தனி மருத்துவம் எதற்கு என்று மட்டும் கேட்கிறோம். இதற்கு விடை, நோய்கள் முதுமையில் மாறுவேடம் பூண்டு வருகின்றன என்பதே. நடுத்தர வயதினருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்கும். முதியவருக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும், வியர்த்துச் சோர்வதும், தலை சுற்றி விழுவதும் மட்டுமே தெரியலாம். இளையவருக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டால் எரிச்சலும் காய்ச்சலும் தோன்றும். முதியவரோ காய்ச்சல் இல்லாமலே திடீரென்று குழம்பிப் பேசத் தொடங்குவார். நேற்றுவரை தெளிவாக இருந்த பெரியவர் இன்று தொடர்பற்றுப் பேசினால், அது முதுமையின் மறதியன்று; உடலுள் எங்கோ தீப்பற்றியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டிய நிலை அது.

விடியற்காலை வீழ்ச்சி

முதியோரை முடக்கும் இன்னல்களுள் நாம் மிக எளிதாகத் தடுக்கக்கூடியது, கீழே விழுதல். எனினும் அதைப் பற்றியே நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை, சுபுஹு தொழுகைக்குப் பெரியவர் எழுகிறார். பிறர் உறக்கம் கலையலாகாது என்று விளக்கைப் போடுவதில்லை. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். தரையில் பவானி ஜமக்காளம் விரித்திருக்கிறது. அதன் ஓரம் மடிந்திருக்கிறது. கால்விரல் அதில் இடறுகிறது, சமாளித்துக்கொள்கிறார். புழக்கடையில் இரவு கழுவிவிட்ட தரை ஈரம் உலராமல் கிடக்கிறது. ஒளுச் செய்து முடித்து, ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்று கழுவுகையில் வழுக்குகிறது. இடுப்பெலும்பு முறிகிறது. வீட்டார் கூடி, வயதான காலத்தில் நிகழ்வதுதானே என்கின்றனர்.

இவ்வீழ்ச்சியில் முதுமைக்குரிய பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பு மேலிடும். படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது குருதி கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்லும் அளவு சில நொடிகள் குறைகிறது. இளமையில் உடல் இதனை உடனே சரிசெய்துகொள்ளும். முதுமையில் சற்றுத் தாமதமாகும். இரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் உட்கொள்வோர்க்கு இத்தாமதம் இன்னும் மிகும். ஆகவே கண் விழித்ததும் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடமேனும் அமர்ந்து, பாதங்களைச் சில முறை அசைத்து, அதன்பின் எழுதல் வேண்டும். செலவில்லாத மருத்துவம் இது. படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையே இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரிவதற்கு ஆகும் மின்கட்டணம் அற்பமானது. ஜமக்காளத்தின் ஓரம், அறுந்த மிதியடி, வாயிற்படியில் குறுக்கே கிடக்கும் மின்கம்பி, பேரக்குழந்தையின் பந்து ஆகியவை வழியில் இல்லாமல் பார்ப்பது வீட்டிலுள்ள இளையோர் வேலை.

நீர் புழங்கும் இடத்தில் சொரசொரப்பான தரையும், சுவரில் உறுதியான ஒரு கைப்பிடியும், அமர்ந்து ஒளுச் செய்ய ஓர் இருக்கையும் இருந்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும். பள்ளிவாசல்கள் சிலவற்றில் இத்தகைய இருக்கைகளும் கைப்பிடிகளும் இன்று அமைந்துள்ளன. பளிங்குக் கல் பதிப்பதில் காட்டும் ஆர்வத்தை ஜமாஅத்தார்கள் கைப்பிடி பதிப்பதிலும் காட்டுவார்களாயின், முதியோர் நெஞ்சார வாழ்த்துவர். ஈரம் பட்ட பளிங்கு வழுக்கும் என்பதைத் திருப்பணி செய்வோர் மறந்துவிடுகின்றனர்.

இடுப்பெலும்பு முறிந்தபின் நேர்வதே பெருந்துன்பம். முறிவினால் உயிர் போவதில்லை; படுக்கையில் கிடப்பதனால் போகிறது. அசையாது கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி கட்டுகிறது. முதுகில் புண் உண்டாகிறது. கால் நரம்புகளில் குருதி உறைகிறது. எனவேதான் மருத்துவர்கள், உடல்நிலை இடங்கொடுத்தால், ஓரிரு நாள்களுக்குள் அறுவை செய்து விரைந்து எழுந்து நடக்க வைக்க முயல்கின்றனர். இவ்வயதில் அறுவை வேண்டாம், நாட்டுக்கட்டு போட்டுப் படுக்க வைத்துவிடலாம் என்று அன்பினால் முடிவு செய்கிறவர்கள், எந்தப் படுக்கை ஆபத்தோ அதனையே தேர்ந்தெடுக்கின்றனர். கைவிரலின் சிறு முறிவுக்கு எந்தக் கட்டும் போடலாம். இடுப்பெலும்பின் நிலை வேறு. வீழ்ச்சியில் தலையில் அடிபட்டவர்க்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அன்று ஒன்றும் தோன்றாமல், மண்டையோட்டினுள் மெல்லக் கசியும் குருதியினால் சில வாரங்கள் கழித்துத் தலைவலியும் தடுமாற்றமும் மறதியும் தோன்றக்கூடும். விழுந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுதல் வேண்டும்.

விழாமல் காப்பது தசைவலிமை. முப்பது, நாற்பது வயதுக்குமேல் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. பயன்படுத்தாத தசை விரைந்து குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல் தொடைக்கு நல்ல பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில நொடி நிற்றல் சமநிலைக்குப் பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நடத்தல் இதயத்திற்கு. தொழுகை வணக்கமேயன்றி உடற்பயிற்சிக்காக வகுக்கப்பட்டதன்று. ஆயினும் நாளொன்றுக்குக் கடமையான 17 ரக்அத்துகளில் 34 முறை தரைவரை தாழ்ந்து எழுகிறவரின் மூட்டும் தொடையும் அடையும் பயனை மறுப்பதற்கில்லை. இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. இயன்றவர் சிறு வலிக்கு அஞ்சி விரைந்து நாற்காலிக்கு மாறிவிடாமல், முதலில் மருத்துவரிடம் மூட்டைக் காட்டி, வலியைக் குறைக்க வழி உண்டா என்று அறிதல் நலம்.

எலும்பைப் பற்றி ஒரு சொல். மாதவிலக்கு நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து மெலிகிறது. வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் தாய்மார்களுக்கு வெயில் படாமையால் வைட்டமின் ‘டி’ குறைவதும் சேர்ந்துகொள்கிறது. மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நாள்தோறும் சிறிது நேரம் வெயில் படுமாறு இருத்தலும், பால், கேழ்வரகு, கீரை ஆகியவற்றை உணவில் சேர்த்தலும், தேவையாயின் மருத்துவர் கூறும் மாத்திரையை உட்கொள்ளுதலும் வேண்டும்.

உணவும் நோன்பும்

வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் ஆறு உண்ணும் முறையையே பேசுகின்றன என்பது தமிழ் மாணவர் அறிந்தது. கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த பேரறிஞர் இப்னு ஸீனாவும் தம் ‘அல்-கானூன்’ மருத்துவ நூலின் முதற்பகுதியிலேயே முதியோர்க்குரிய வாழ்முறையைத் தனியே வகுத்து, சிறிது சிறிதாகப் பிரித்து உண்பதையும் மிதமான உடலுழைப்பையும் வற்புறுத்துகிறார். இன்றைய மருத்துவமும் இதற்கு மாறாகக் கூறவில்லை.

கொங்கு நாட்டுச் சமையலில் முதியோர்க்கு உகந்தவை பல. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, கம்பஞ்சோறு, கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல் என்று பட்டியல் நீளும். ஆனால் இங்கும் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. களி உண்டால் சர்க்கரை ஏறாது என்று நம்பி, நீரிழிவுள்ளோர் பெரும் உருண்டைகளாக உண்கின்றனர். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நாரும் அரிசியைவிட மிகுதி. மாவுச்சத்தோ ஏறத்தாழ அரிசியின் அளவே. அளவு மீறினால் களியும் சர்க்கரையை ஏற்றும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் விரைந்து ஏற்றும். நம் ஊரின் பெருமையாகிய மஞ்சளுக்கும் இது பொருந்தும். சமையலில் சேரும் மஞ்சள் நல்லது. அதனை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது பேதைமை.

பல் போனபின் முதியோர் இரசஞ்சோறும் பாலில் தோய்த்த ரொட்டியுமாக நாளைக் கழிப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். இதனால் புரதம் குறைகிறது, தசை கரைகிறது. குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவை நாள்தோறும் இருத்தல் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இதன் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பு இரத்த அழுத்தத்திற்குப் பகை. பொய்ப்பல் கட்டிக்கொள்வதை அலங்காரம் என்று ஏளனம் செய்வாருக்கு நாம் கூறுவது: அது உணவுக்கான கருவி.

நீர் அருந்துவதும் கவனத்திற்குரியது. வயது ஏற ஏறத் தாகவுணர்வு மங்குகிறது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஈரோட்டில், தாகம் எடுத்தால் குடிப்போம் என்றிருக்கும் பெரியவர் அறியாமலே வறண்டுபோகிறார். இரவில் எழ நேருமென்று பகலிலும் நீரைக் குறைப்போர் உளர். மாலைக்குமேல் குறைத்து, பகலில் தவறாது பருகுவதே முறை. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க.

இனி ரமலான் நோன்பு. ஆண்டுதோறும் நம் இல்லங்களில் பெருங்கவலையையும் சில வேளைகளில் பூசலையும் எழுப்பும் செய்தியாதலின் இதனைச் சற்று விரித்துரைப்போம். அறுபது ஆண்டுகள் ஒரு நோன்பையும் விடாதவரிடம், இவ்வாண்டு வேண்டாம் என்று மகன் சொன்னால் அவர் மனம் வாடும். நோயுற்றோர்க்கும், நோன்பைத் தாங்க இயலாத முதியோர்க்கும் விலக்கு அளித்திருப்பது இறைவனே. தீராத நோயாலும் தள்ளாமையாலும் நோற்க முடியாதவர் ஏழைக்கு உணவளித்து ‘ஃபித்யா’ நிறைவேற்றலாம் என்பது மார்க்கச் சட்டம். இச்சலுகையை ஏற்பது இறைக்கட்டளைக்கு அடங்குவதேயன்றி அதனினின்றும் வழுவுவதன்று என்பதை ஆலிம்கள் எடுத்துரைக்கும்போது முதியோர் ஏற்கின்றனர். மருத்துவர் மட்டும் சொன்னால் ஏற்பதில்லை. ஆகவே ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்துச் சொற்பொழிவுகளில் இது இடம்பெறுதல் சாலச் சிறந்தது.

நீரிழிவு உள்ளோர் அனைவரும் நோன்பை விட வேண்டும் என்பதில்லை. நாளுக்குப் பலமுறை இன்சுலின் போடுவோர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர், சிறுநீரகம் பழுதுற்றவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர் ஆகியோர்க்கு ஆபத்து மிகுதி. அவர்கள் நோற்கலாகாது என்பதே மருத்துவர் கருத்து. பிறர் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னரே மருத்துவரைக் கண்டு, மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தாமே கூட்டுவதும் குறைப்பதும் தீங்கு. ஸஹர் உணவைத் தவிர்க்காமல், அதன் கடைசி நேரத்தை ஒட்டி உண்பது நல்லது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே ஆலிம்கள் பெரும்பாலோர் தரும் விளக்கம். சோதனையில் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, குழறிய பேச்சு ஆகியவை தோன்றினால் மஃரிபு பாங்குக்கு இன்னும் பத்து நிமிடந்தானே என்று காத்திருத்தல் கூடாது. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழம் ஒன்றிரண்டும் நீரும் நோன்புக் கஞ்சியும் போதும். கஞ்சிக்குத் துணையாக வடையும் சமோசாவும் வரிசையில் வந்து அமர்வதுதான் தொல்லை. ஏகாதசி, சஷ்டி என விரதம் காக்கும் பிற சமயத்துப் பெரியவர்களுக்கும் மாத்திரை பற்றிய இவ்வெச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

முதியோரின் சர்க்கரையை இளைஞர்க்குரிய அளவுக்கு இறக்கியே தீரவேண்டும் என்று முனைவதும் தவறு. தளர்ந்த முதியவர்க்குச் சற்று உயர்ந்த சர்க்கரையைவிடத் தாழ்ந்த சர்க்கரையே உடனடி எதிரி. மேலும், நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர், நண்பகல் வெயிலில் பள்ளிவாசல் முற்றத்திலோ கோயில் பிராகாரத்திலோ வெறுங்காலுடன் நடந்து கொப்புளம் கண்டு, அறியாமலிருந்து, பின்னர் விரலையே இழப்பதுண்டு. இரவுதோறும் பாதத்தின் அடியை விளக்கொளியில் பார்த்தல் வேண்டும். தம்மால் குனிய முடியாவிடின் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

கண், செவி, நுரையீரல்

கண்புரையைப் பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. சிறு அறுவையால் தீர்வது அது. 1976இல், அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை செய்தவர். 1997 முதல் அம்மருத்துவமனை கோவையிலும் இயங்குகிறது. பழுத்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தது பழைய காலத்து வழக்கம். இன்று அதற்குத் தேவையில்லை. கண் நீர் அழுத்த நோயோ வலியின்றிப் பார்வையைத் திருடுகிறது. இழந்த பார்வை மீளாது. ஆண்டுக்கொரு முறை கண் அழுத்தத்தைச் சோதித்தல் இதற்காகவே.

செவி நம் வட்டாரத்திற்குரிய தனிச் செய்தி. விசைத்தறிக் கூடங்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் நின்றவர்கள் பலர் அவ்விரைச்சலாலேயே செவித்திறன் இழந்திருக்கின்றனர். காது கேளாதவர் பேச்சினின்றும் ஒதுங்குகிறார். ஒதுங்கியவரைப் புத்தி மங்கியவர் என்கிறோம். கண்ணாடி அணிவதற்கு நாணாதவர் காதுக்கருவி அணிய ஏன் நாண வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இரண்டு வாரங்களுக்குமேல் நீடிக்கும் இருமலைத் தறித்தூசி, மஞ்சள் தூசி என்று தள்ளிவிடலாகாது. ஒருகாலத்தில் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற்ற பெருந்துறை சானடோரியத்தின் பெயரை நம் பெரியோர் அறிவர். அவ்வளாகத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. காசநோய் அறவே ஒழிந்துவிடவில்லை. முதியோரிடம் அது பசியின்மையாகவும் எடைக்குறைவாகவும் மட்டுமே தோன்றக்கூடும். நிமோனியாவுக்கும் இன்புளுயன்சாவுக்கும் முதியோர்க்கான தடுப்பூசிகள் உண்டு. ஹஜ், உம்ரா செல்வோர் பயணத்துக்காக ஊசி போட்டுக்கொள்ளும் அக்கறையை வீட்டில் இருப்போரும் மேற்கொள்ளலாம்.

நாணத்தால் மறைக்கும் நோய்கள்

ஈரோட்டில் 1879இல் பிறந்த தந்தை பெரியார், தம் இறுதிப் பேருரையை 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில் நிகழ்த்தினார்; ஐந்து நாள் கழித்து வேலூரில் மறைந்தார். அப்போது வயது 94. இறைநம்பிக்கையில் அவர் வழி வேறு, நம் வழி வேறு. எனினும் முதுமையில் சிறுநீர் வெளியேறக் குழாயும் கலமும் உடன்சுமந்தபடியே அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார் என்பது நாடறிந்த செய்தி. அதனை மறைத்துக்கொண்டு வீட்டில் முடங்கவில்லை. நம் பெரியவர்களோ புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சொட்டினாலும் சொல்ல நாணுகின்றனர். உடை தூய்மை கெடுமே என்று பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்கின்றனர். கர்ப்பப்பை இறங்கிய தாய்மார்கள் மகளிடமும் கூறாமல் ஆண்டுக்கணக்கில் துன்புறுகின்றனர். இவற்றுக்கு மாத்திரை உண்டு. எளிய பயிற்சி உண்டு. தேவைப்பட்டால் அறுவையும் உண்டு. தொடர்ந்து சிறுநீர் கசிவோர்க்குத் தொழுகையில் மார்க்கம் தரும் சலுகைகளும் உண்டு.

மறதியும் மறைக்கப்படும் நோயே. சாவியை எங்கு வைத்தோம் என்பதை மறப்பது இயல்பு. சாவி எதற்கு என்பதை மறப்பது நோய். ஆனால் மறதி கண்ட அனைவருக்கும் மூளை தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, உறக்க மாத்திரை, மேலே கூறிய தலைக்காயம் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுள் பல திருத்தத்தக்கவை. மனைவியை இழந்தபின் பேச்சற்று அமர்ந்திருக்கும் பெரியவருக்கு வந்திருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு.

பக்கவாதம் ஒன்றில்தான் நிமிடக் கணக்கு. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108ஐ அழைக்க வேண்டும். குருதியுறைவைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்திற்குள்தான் பயன்தரும். விடிந்தபின் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

நான்காவது பங்கு

மருத்துவத்தை நான்கு பங்காக வகுத்த வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு ‘உழைச்செல்வான்’ என்று உடனிருந்து பேணுவோரையும் சேர்த்தார். முதியோர் மருத்துவத்தில் இந்நான்காம் பங்கே பெரும்பங்கு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் மருமகளின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. அவருக்கு வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கிடைக்குமாறு பிள்ளைகளும் பேரர்களும் முறைவைத்துக்கொள்ளுதல் நியாயம். கல்லூரி மாணவர்க்கு இதில் இயலாத வேலை ஏதுமில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்வழி, இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுக்கையிலிருப்போர்க்கு இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. மாத்திரை வந்து சேர்ந்தபின் அது உரிய வேளையில் வாய்க்குச் செல்கிறதா என்று பார்ப்பது வீட்டாரின் பொறுப்பு. கண் மருத்துவர், மூட்டு மருத்துவர், சர்க்கரை மருத்துவர் எனத் தனித்தனியே எழுதித்தந்த மாத்திரைகள் ஒரே பையில் குவிந்து, ஒரே மருந்தே இரு பெயர்களில் உட்கொள்ளப்படுவதும் உண்டு. மூட்டுவலிக்கென்று கடையில் தாமே வாங்கும் வலிமாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் அரிக்கின்றன. பெயரெழுதாப் பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. உட்கொண்ட மறுநாளே வலி பறந்துவிட்டது என்று வியந்தால், ஐயுறுதல் வேண்டும்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை அந்த மாத்திரைப் பை முழுவதையும் ஒரே மருத்துவர் முன் கொட்டி, வேண்டாதவற்றை நீக்கச் சொல்லலாம். எஞ்சியவற்றை, பெயர், அளவு, வேளை, எதற்காக என்ற நான்கு கட்டங்களிட்டு, பெரியவரே படிக்கும் அளவில் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஒவ்வாத மருந்தின் பெயர் இருந்தால் அதைத் தாளின் தலைப்பிலேயே சிவப்பு மையில் எழுதுக. அதன் படி ஒன்று பெரியவரின் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.